சிவப்புப் பட்டில் இல்லாத பெயர்

சாக்ரமென்டோ
9 மார்ச் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். என் மகள் லொரெய்னுக்கு மே 16 கல்யாணம், உன் ஊர் சான் பிரான்சிஸ்கோவிலேயே.

மாப்பிள்ளையின் அப்பா டொனெலன், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். உன்னைப் பற்றிச் சொன்னதும், "அட, பீங்கான் கடை மொக் அம்மாவா? எங்க வீட்ல குச்சி பிடிச்சுச் சாப்பிடக் கத்துக்கொடுத்ததே அவங்கதானே" என்றார். அந்த ஊர் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு நம் சீனர்களைத் தெரிந்ததே உன் கடையில்தான் போலிருக்கிறது.

விருந்து மண்டபத்தில் தொங்கவிடும் சிவப்புப் பட்டில் இரு வீட்டார் பெயரையும் நீதான் எழுத வேண்டும். இங்கேயே பிறந்த எனக்குத்தான் சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாதே. அப்பாவுக்குக் கல்லறைக் கல் வைத்தாகிவிட்டது. போய்ப் பார்.

உன் தம்பி
வின்ஸ்டன்

சான் பிரான்சிஸ்கோ
6 ஏப்ரல் 1976

தம்பி வின்ஸ்டனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மனம் வரவில்லை. கல்லறை துடைக்கும் நாளன்று, படைக்க வறுத்த பன்றிக்கறியும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். கல்லில் சீனத்தில் செதுக்கியிருந்ததைப் படித்தேன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்ற இடத்தில் நீ இருக்கிறாய், உன் மகன் இருக்கிறான். நான் இல்லை.

பதினெட்டு வயதில் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து அவரோடு கடையில் நின்றேன். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு மலச்சட்டி எடுத்துக் கழுவியவள் நான். உனக்கு ஞாபகம் வரவில்லையா? வயிறு எரிகிறது. கல்யாணத்துக்குள் என் பெயரைச் செதுக்கச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா

சாக்ரமென்டோ
14 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நம் சீனர் சங்கத்துப் பெரியவர்தான், "பொண்ணு பேரெல்லாம் கல்லுல போடற வழக்கம் இல்லப்பா, அவ இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்றார். நீ எந்த வீட்டுக்கும் போகவில்லைதான். அதற்காக அவரோடு யார் மல்லுக்கட்டுவது? ஊருக்கே உன்னைத் தெரியும். கல்லில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்று கஜம் பட்டு அனுப்பியிருக்கிறேன்.

வின்ஸ்டன்

சான் பிரான்சிஸ்கோ
20 ஏப்ரல் 1976

அன்புத் தம்பிக்கு,

பட்டு வந்து சேர்ந்தது. நல்ல பட்டு. எழுதித் தருகிறேன், நீ எதற்கும் கவலைப்படாதே. டொனெலனை எனக்குத் தெரியும், நல்ல மனிதர். உடம்பைப் பார்த்துக்கொள். நாத்தனார் விசாரித்ததாகப் பெர்னிஸிடம் சொல்.

அக்கா

சாக்ரமென்டோ
18 மே 1976

அக்கா,

மனசு குளிர்ந்ததா? விருந்துக்கே வராமல் இருநூறு பேர் முன்னால் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய். பட்டை அவிழ்த்ததும் சங்கத்துக் கிழவர்கள் சிரித்தார்கள். ஏதோ வாழ்த்து என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு டொனெலன் எழுந்துபோய், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து மைக்கில் படித்தார். நம் வீட்டுப் பக்கத்தில், நம் அப்பா மொக் குவான் தாயின் பேத்தி, பெர்னிஸின் மகள், லொரெய்ன். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, உங்க பேரைக் காணோமே? நான்தான் தப்பாப் படிக்கறேனா?" என்று கேட்டார். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே தேடினார்.

பெற்ற அப்பன் பெயரை விட்டுவிட்டு எழுத எப்படிக் கை வந்தது? திங்கட்கிழமை கல்கொத்துபவன் வருகிறான். உன் பெயரைச் செதுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது திருப்திதானே?

வின்ஸ்டன்

சான் பிரான்சிஸ்கோ
22 மே 1976

வின்ஸ்டனுக்கு,

திருப்திதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

டொனெலன் மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து என்னிடம் எழுத்துப் படிக்கிறார். அவரை வைத்துப் படிக்கச் சொல்லும் யோசனை என்னுடையது இல்லை. உன் மகளுடையது. பட்டில் எழுதும் முன் அவளைக் கூப்பிட்டு உன் பெயரை விடப்போகிறேன் என்றேன், கல்லில் என் பெயர் இல்லாததையும் சொன்னேன். "எழுதுங்க அத்தை. யாராவது அப்பாவுக்குப் படிச்சுச் சொல்லணுமே, மாமனாரைப் படிக்கச் சொல்றேன்" என்றாள்.

கல்லில் அவன் செதுக்கட்டும். செதுக்கியது என் பெயர்தானா என்று உன்னால் பார்த்துச் சொல்ல முடியாது. படித்துக் காட்ட நான் வரமாட்டேன்.

இங்கிலீஷில் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம் இது. இனி எது சொல்ல வேண்டுமானாலும் சீனத்தில்தான் எழுதுவேன்.

மொக் யூக் சிம்