தவில் தழும்பு

அண்ணா,

போன சனிக்கிழமை பயிற்சியில் மறுபடியும் அந்தத் தைல வாசம். நம் டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், நீ வாசித்த அதே தூண்களுக்கு நடுவில்தான் இன்னும் எங்கள் உறுமி மேளக் குழு கூடுகிறது. பதினைந்து வயது தாரிணி தவிலை இறக்கி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, இடப்பக்க விலாவில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா வலிக்குது அக்கா. தவில் அழுத்துறதுதான் லா," என்றாள்.

உன் வாயிலிருந்து நான் கேட்ட அதே சொற்கள்.

தோளில் மாட்டி நடந்தபடியே வாசிக்கும் தவிலின் விளிம்பு விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். பல வருஷம் வாசித்த தவில்காரர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் தோல் காய்த்துத் தழும்பாகியிருக்கும். குழுவை நடத்திய மணியம் அண்ணன் சட்டையைத் தூக்கித் தன்னுடையதைக் காட்டி, "இது இல்லாதவன் தவில்காரனே இல்ல," என்பார். அதனால், பதினெட்டு வயதில் உன் விலாவில் அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல ஒரு மேடு எழும்பியபோது குழுவில் யாரும் பயப்படவில்லை. பெருமைப்பட்டார்கள். நீயும்தான்.

நான் பொறாமைப்பட்டேன். பதினாறு வயதுக்காரி, குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் விலாவை முஷ்டியால் குத்திக் குத்திப் பார்த்தேன். சிவந்ததே தவிர மேடு வரவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எல்லாம் உனக்குத்தானே முதலில் வரும்? பொரித்த மீனின் நடுத்துண்டு உனக்கு. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா முதலில் கூப்பிடுவது உன் பெயரை. தவில் உனக்கு, ஜால்ரா எனக்கு.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு மாலையில் நீ சட்டையைக் கழற்றி என்னிடம் காட்டினாய். மேடு இன்னும் பெரிதாகியிருந்தது. மூச்சை இழுத்தாலே வலிக்கிறது என்றாய்.

"அம்மாகிட்ட சொல்லிடாத. சொன்னா தைப்பூசத்துக்கு வாசிக்க விட மாட்டாங்க."

தலையாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். உன் மேல் இருந்த அக்கறையால் இல்லை. நீ வராவிட்டால் தவில் எனக்குத்தான் என்று மணியம் அண்ணன் சொல்லியிருந்தார்.

படம் எடுத்து, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா நம்மை உட்கார வைத்துச் சொன்னார். "இது தழும்பு இல்லம்மா. நெஞ்சுச் சுவர்ல, விலா எலும்பை ஒட்டி வர்ற கேன்சர். ரொம்ப அபூர்வம். சின்னப் பிள்ளைங்களுக்கும் இளவயசுக்காரங்களுக்கும்தான் பெரும்பாலும் வரும்."

"மேளம் அடிச்சதாலயா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"மேளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்பா அதை நம்பவே இல்லை. அதன் பிறகு அந்தத் தவிலைத் தொடவே இல்லை.

தங்கச்சி பாசத்தால் விஷயம் வெளியே வந்தது என்று உறவுக்காரர்கள் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். நீ மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாய். "தவிலுக்காகத்தானே போட்டுக் குடுத்த?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. நீ பாசக்காரியா இருந்திருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்ப."

அந்தத் தைப்பூசத்தில் உன் தவிலை மாட்டிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை வாசித்தேன். சந்தோஷமாக இருந்தேன் அண்ணா. அதை மறைக்கிற வயது இப்போது இல்லை. பிறகு உனக்குக் கீமோ தொடங்கியதும் பழைய எரிச்சல் வேறு உருவில் வந்தது. அம்மா உன்னோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். நானும் அப்பாவும் கடையில் பொட்டல மீ நூடுல்ஸ் வாங்கித் தின்றோம். முடி கொட்டிய உன் தலையை அம்மா தடவிக்கொடுப்பதைப் பார்த்து, என் தலையை அவள் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தி உனக்குத் தங்கை.

ஆபரேஷனில் மூன்று விலா எலும்புகளை எடுத்துவிட்டார்கள். இனி நீ தவிலை மாட்ட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து மேலே வந்தபோது, நான்காம் மாடி நடைபாதைச் சுவரில் சாய்ந்து நீ கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். முழுவதையும் கேட்டிருக்கிறாய்.

"பொறாமையா இருக்குடி," என்றாய்.

பிறந்ததிலிருந்து உன் வாயால் நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். கேட்டதும் தவிலோடு படியில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத லா. ரெண்டாவது நடையில தாளம் முந்தி ஓடுது, மொதல்ல அதப் பாரு," என்றாய்.

மறு வருஷம் அது நுரையீரலில் திரும்ப வந்தது. இருபது முடியுமுன் நீ போய்விட்டாய். நான் போட்டுக்கொடுத்ததால் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு வருஷம். மேட்டை முதலில் பார்த்த அன்றே சொல்லியிருந்தால்? அன்று நான் கண்ணாடி முன் நின்று விலாவைக் குத்திக்கொண்டிருந்தேன்.

தாரிணி விஷயத்துக்கு வருகிறேன். அன்றே அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே," என்று அந்த அக்கா சலித்துக்கொண்டார். திங்கட்கிழமை லீவு போட்டு நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதன்கிழமை முடிவு வந்ததும் தாரிணி மாடிப்படியில் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லையாம் அக்கா! வெறும் தசைவலிதானாம்! ரெண்டு வாரம் தவிலத் தூக்காம இருந்தாப் போதுமாம்!"

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றேன். வயிறு எரிந்தது. அவள் மேல் இல்லை, அவளுக்குக் கிடைத்த அந்த ஒரு வாக்கியத்தின் மேல். 'வெறும் தசைவலி.' அதை ஏன் உனக்கு யாரும் சொல்லவில்லை?

எனக்கு இப்போது இருபத்தேழு. குழுவில் யார் தைலத்தை எடுத்தாலும் நேரே அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எனக்கு 'கோள் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரெண்டாவது நடையில் தாளம் இப்போது ஓடுவதில்லை. என் விலாவிலும் தோல் காய்த்துவிட்டது, அண்ணா. நல்ல தழும்பு. உன்னிடம் காட்டி உன்னைப் பொறாமையில் எரிய வைக்கத்தான் அவ்வளவு ஆசைப்பட்டேன்.