நிபந்தனை ஏதாவது உண்டா?

பிப்ரவரி 10

பன்னிரண்டு சொற்கள். நாலு மண்டையில் ஏறவில்லை. ‘செல்லாது’ என்று ஒரு தடவை சொன்னால் வெள்ளைக்காரர்களுக்குத் திருப்தி இல்லை. ‘நல் அண்ட் வாய்ட்’ என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும், எங்கள் தெரு கறிக்கடைக்காரர் சத்தியம் செய்கிற மாதிரி. ஆறு வருடமாகப் பருத்திக் கம்பெனியில் அரபியில் கடிதம் தட்டச்சு செய்தாயிற்று. இந்தச் சட்ட ஆங்கிலத் தேர்வில் தேறினால் ஒப்பந்தப் பிரிவுக்குப் போகலாம். டிராமில் ஹாதிம் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே வந்தான். கட்டிக்கொள்ளப் போகிறவன் வாத்தியாராகவும் இருப்பது கொஞ்சம் கொடுமை.

பிப்ரவரி 19

வகுப்பில் பேரம் பேசும் பயிற்சி. வாங்குபவர் தங்கமானவர், அவர் வாய்வார்த்தையே போதும் என்றேன். பாடம் நடத்தும் மேடம் ரஜா கண்ணாடியைக் கழற்றினார். “அவர் நல்லவராவே இருக்கட்டும். அவருக்கு அப்புறம் வர்ற மேனேஜர்?”

மார்ச் 3

ஹாதிமின் அம்மா வந்திருந்தார். மீன், சோறு, எல்லாம் நன்றாகத்தான் போனது. டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்: “இந்த வேலையெல்லாம் முதல் குழந்தை வரைக்கும்தானே, நஹ்லா?” ஹாதிம் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கொறித்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 4

ஒரு சொல்கூடப் படிக்கவில்லை.

மார்ச் 8

கடற்கரையில் கேட்டேவிட்டேன். நிக்காஹ் பத்திரத்தில் நிபந்தனைகளுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் அதைக் காலியாக விடுகிறார்கள். அக்காவுடையதில் குறுக்கே கோடு போட்டிருந்தது. என்னுடையதில், நான் வேலைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதலாம் என்றேன்.

“வேலைக்குப் போன்னு நான் வாயால சொன்னது போதாதா? நான் என்ன, உன்கிட்ட பருத்தி வாங்க வந்தவனா?”

“அன்னைக்கு உங்க அம்மா கேட்டப்போ விதையை வச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

எழுந்து போய்விட்டான். வாங்கிய வேர்க்கடலை அப்படியே கிடந்தது. அவன் நல்லவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னே ஏன் கேட்டேன்? நல்லவன் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

மார்ச் 15

அப்பாவிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டார் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிடாதே என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 27

தேர்வில் தேறிவிட்டேன். ஹாதிமுக்குச் செய்தி அனுப்பினேன். ‘மப்ரூக்’ என்று ஒரே சொல்லில் வாழ்த்து வந்தது. டிராமில் பொருள் கேட்டுக் கேட்டுத் தேற வைத்தவனே அவன்தான்.

ஏப்ரல் 11

நாளைக்கு நிக்காஹ். கேக்கவா, விட்டுடவா? கேட்டா அவன் எழுந்து போயிடுவானோ — கேக்காம விட்டா நான் என்னையே மன்னிப்பேனா? தெரியல. ஒண்ணும் தெரியல.

ஏப்ரல் 12, வெள்ளி

பள்ளிவாசலில் காஜி பெயர், முகவரி எல்லாம் எழுதி முடித்தார். “நிபந்தனை ஏதாவது உண்டா?” என்று கேட்டபோதே அவர் பேனா கோடு போடத் தயாராகிவிட்டது. ஒன்றும் இல்லை என்றார் அப்பா.

“இருக்கு.”

என் குரல்தான். பூனைக் குரல் மாதிரி வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஹாதிமின் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார். அடுத்த வார்த்தை எனக்கு வரவே இல்லை. அரபியிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

“எழுதுங்க ஷேக்,” என்றான் ஹாதிம். “அவ வேலைக்குப் போறதைத் தடுக்கக் கூடாதுன்னு. நான்தான் போடச் சொன்னேன்.”

அவன் அம்மா அவனையே பார்த்தார். காஜி எழுதினார். அப்புறம் வழக்கப்படி வெள்ளைக் கைக்குட்டையின் அடியில் அப்பாவின் கையும் அவன் கையும் சேர்ந்தன.

சர்பத் வந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“அம்மா முன்னாடி என்னைப் பொய் சொல்ல வச்சுட்டே,” என்றான்.