நான்கு பேருக்கு ஒரு கயிறு

14.6.1996, வெள்ளி

இன்றும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். அவர் கோலாலம்பூர் போய் ஐந்து நாளாகிறது, என் கைக்கு இன்னும் தெரியவில்லை. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளை ஃபேக்டரி பஸ் வருவதற்குள் அதையே சாப்பிட வேண்டியதுதான்.

தேசியக் காற்பந்துக் குழுவின் பயிற்சி முகாமுக்கு முப்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் பக்கத்து நாடுகளெல்லாம் சேரும் பெரிய போட்டி. அதற்குள் பத்துப் பேரைக் கழித்துவிட்டு இருபது பேரைக் கொண்டுபோவார்கள். அந்த முப்பதில் மலாக்கா மாநிலத்து மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆள் ஒருவர் — இடது பக்கத் தடுப்பாட்டக்காரர், மருதமுத்து, என் வீட்டுக்காரர். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

16.6, ஞாயிறு

ஐந்து மணிக்கு அவர் ஜெயா அக்காவின் மளிகைக் கடைக்குப் போன் செய்தார். இனி எல்லா ஞாயிறும் இதே நேரம்.

"ஜொகூர்காரன் ஜொகூர்காரனுக்குத்தான் பந்து குடுக்கிறான். சாப்பாட்டு மேசையிலயும் அப்படித்தான் லா. மலாக்கான்னு நான் ஒருத்தன்தான். நான் யாரோட உக்கார்றது?"

"நல்லா சாப்பிடுங்க" என்றேன். மூன்று மாதம் பிரிந்திருக்கப் போகிற பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? ஆனால் ஜெயா அக்கா அதே தராசை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ வேறென்ன சொல்ல முடியும்.

20.6, வியாழன்

கோவில் பலகையில் எழுதிவிட்டார்கள். தீமிதி ஆகஸ்டு 11.

மார்ச் மாதம், முகாமுக்குப் பேர் வருமா வராதா என்று அவர் தூங்காமல் கிடந்தபோது, மாரியம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். இவர் பேர் வந்தால் இவரை இந்த வருஷமே தீமிதிக்க வைக்கிறேன் என்று. அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

என் முடியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்ப வளரும். பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவர் காலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பந்து ஆடுகிறவன் காலை! அதுவும் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது. புத்தியுள்ளவள் யாராவது செய்வாளா?

30.6, ஞாயிறு

இன்று சிரித்தார். அங்கே போனபிறகு முதல் சிரிப்பு.

பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரையும் பயிற்சியாளர் ஒரே கயிற்றால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிவிட்டாராம். "ஒருத்தன் நகர்ந்தா நாலு பேரும் நகரணும். மொத நாளு நாலு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தோம். அதுக்கப்புறம்தான் ஜொகூர்காரன் எங்கிட்ட பேசவே ஆரம்பிச்சான்."

அந்தக் கயிற்றில் எனக்கும் ஒரு முனை கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். தராசு துடைக்கும் சத்தம் வந்தது. நல்லா தூங்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7.7

போன் வரவில்லை. ஏழு மணி வரை கடையிலேயே நின்றேன்.

14.7, ஞாயிறு

வேண்டுதலைச் சொல்லிவிட்டேன்.

"என்னைக் கேட்டியா?" என்றார்.

"இல்லீங்க."

"என்னைக்கு?"

"ஆகஸ்டு பதினொண்ணு."

"சரி, இன்னியிலேர்ந்து கவிச்சி விட்டுடறேன். அன்னிக்கு வர உடுவாங்களான்னுதான் தெரியல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாமே இந்த மனுஷன்... திட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்ல. வீட்டுக்கு வந்து அழுதேன்.

21.7, ஞாயிறு

இப்போது எல்லோரும் ஒரே நீள மேசையில் சாப்பிடுகிறார்களாம். இவர் விரதம் என்று தெரிந்ததிலிருந்து, கூடத் தங்கியிருக்கும் கிளந்தான் மாநிலத்துப் பையன் தினமும் இவருடைய நாசி லெமாக் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நெத்திலியையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு, தன் வெள்ளரிக்காயை இவர் தட்டில் வைக்கிறானாம். கேட்டதும் மனம் லேசானது.

கோவில் தலைவர் வீரமுத்து மாமாவிடம் அவருக்குப் பதில் நானே தீக்குழியில் இறங்கலாமா என்று கேட்டேன். "நம்ம கோவில்ல பொம்பளைங்க எறங்கறதில்லம்மா, குழியைச் சுத்தி வா. அவன் வர முடியலன்னா கூடப் பொறந்தவன் எறங்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரரின் அண்ணன் சிவசாமி மறுபேச்சே பேசவில்லை. "எங்காலு டிராக்டர் கிளட்ச்ச மிதிக்கிற காலுதானே. நான் எறங்கறேன், நீ வெசனப்படாத" என்றார்.

28.7, ஞாயிறு

கயிற்றை அவிழ்த்துவிட்டார்களாம். "ஆனா இடுப்புல இருக்கிற மாதிரியே இருக்கு. பந்து வலது பக்கம் போனா என் ஒடம்பு தானா அந்தப் பக்கம் சாயுது. பயிற்சியாளர் எங்களப் பாத்து மொத தடவையா தலையாட்டினாரு."

அவ்வளவு சந்தோஷம் அவர் குரலில். எனக்கோ ஏழு வாரமாகிறது. கதவுக்குப் பின்னால் தொங்கும் அவர் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. பார்க்க வேண்டும். ஒரு தடவை. திருவிழாவன்று ஒரு மணி நேரம் வந்து போனால் போதும் — மாலை கோவிலில் இதைத்தான் கேட்டேன். மறுபடியும் என் வாய்.

4.8, ஞாயிறு

சிவசாமி மாமாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. என் வீட்டுக்காரரை முகாமிலிருந்து விடமாட்டார்கள் போலிருக்கிறது.

11.8, ஞாயிறு

வந்தார்.

மூன்று மணிக்குக் குழியில் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ "ராணி, அங்க பாரு" என்றார்கள். கோவில் வாசலில் அவர். இளைத்துக் கறுத்திருந்தார். அத்தனை பேர் முன்னாலும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தாயே, கேட்டதைக் கொடுத்துவிட்டாயே என்று மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் பையைப் பார்த்தேன். பெரிய பை. போர்வை, காலணி எல்லாம். ஒரு மணி நேரத்துக்கு வருகிறவர் போர்வையைக் கொண்டுவருவாரா?

"வெள்ளிக்கெழம பேர் ஒட்டினாங்க. இருபதுல இல்ல" என்றார்.

"லீவு கேட்டதாலயா? என் வேண்டுதலாலயா?"

"அதெல்லாம் இல்ல. என்னைவிட நல்லா ஆடுறான் ஒருத்தன். காலு இப்ப சும்மாத்தானே இருக்கு, நானே முடிச்சிடறேன்."

பூசாரி அவசரமாக இவருக்கும் காப்புக் கட்டினார். மாமாவின் காப்பை இனி அவிழ்க்க முடியாது. அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நான் குழியைச் சுற்றி நடந்தேன்.

பேர் வர வேண்டும் என்று கேட்டேன், வந்தது. அவர் வர வேண்டும் என்று கேட்டேன், வந்தார். இருபதில் ஒருவராக நிற்க வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவே இல்லையே.

12.8, திங்கள்

இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

8.9, ஞாயிறு

இவர் கால் கொப்புளம் ஆறிவிட்டது. ஜெயா அக்கா கடையில் டிவியில் நம் குழுவின் ஆட்டம் பார்த்தோம். தோட்டமே அங்கேதான் இருந்தது. கிளந்தான் பையன் தெரிந்தபோது இவர் லேசாகக் கையைத் தூக்கினார்.

நாங்கள் பெஞ்சின் இடது ஓரம். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். இவர் திரையில் பின்னால் நின்ற நான்கு தடுப்பாட்டக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வலது பக்கம் போகும்போதெல்லாம் இவர் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. தோள் என்னை இடித்தது. இவருக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை பந்து அந்தப் பக்கம் போனபோது நானும் கூடவே நகர்ந்தேன்.