யூனிஸ் போட்ட கண்ணாடி

கிழக்குத் தாம்பரம்
9-8-1971

அன்பு மகள் தபீதாளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், எத்தியோப்பியாவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். உன் அண்ணன் மகன் ஜெபசீலனுக்குக் குரோம்பேட்டை இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, தெருவில் என்னை இன்ஜினீயர் பாட்டி என்கிறார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் தங்கை சுகந்தி டைப்ரைட்டிங் லோயர் பாஸ். படிப்புக்காக என்னிடம் விட்டுப்போன உன் யூனிஸுக்கு சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில் முதல் பரிசு எவர்சில்வர் டம்ளர், இப்போது அதில்தான் எனக்குக் காப்பி.

ஆனால் டிராயிங் மட்டும் சரியில்லை, உன்னிடம் மறைத்து என்ன. இந்த வருஷம் வந்த தனசிங் சார் கோடு கோணினால் சிவப்பு மையால் குறுக்கே அடிக்கிறார். உனக்கு அனுப்ப உன் முகத்தை வரைந்து அவரிடம் காட்டினாள், மூக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறது என்று அதன்மேலும் அடித்துவிட்டார். அன்றிலிருந்து வரைவதும் ரப்பரால் அழிப்பதும்தான், காகிதம் ஓட்டை விழும்வரை அழிக்கிறாள், அம்மா முகம் மறந்துபோச்சு பாட்டி அதான் தப்புத் தப்பா வருது என்று அழுகிறாள். நான் சாரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர்தான், உட்காரவைத்து சோடா வாங்கிக்கொடுத்தார், இப்பவே திருத்தலைன்னா கை கெட்டுப்போகும்மா என்றார். நான் அஞ்சாவது படித்தவள், சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே நீ டிராயிங் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ரப்பரே கிடையாது, மை சிந்தினால் அதையே நண்டாக்கு மேகமாக்கு என்பேன் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துக் காட்டினேன். அது அம்மா கிளாஸ் பாட்டி, நான் தனசிங் சார் கிளாஸ் என்றாள். வேறு வழி தெரியாமல் நானே பென்சிலை எடுத்து ஒரு மாடு வரைந்தேன், கால் ஐந்து வந்துவிட்டது. ஐயோ பாட்டி, மாட்டுக்கு இன்னா அஞ்சு காலு என்று சிரித்தாள், எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. ரப்பரைக் கேட்டேன், தரவில்லை. பென்சிலைப் பிடுங்கி அந்த அஞ்சாவது காலை மாட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரு கன்றுக்குட்டியின் காலாக்கிவிட்டாள். அதே சூட்டில் உன்னையும் வரைந்தாள். கை பட்டுக் கண்ணைச் சுற்றிக் கரி ஈஷிக்கொண்டது, அழிக்காமல் வட்டம் போட்டுக் கண்ணாடி ஆக்கிவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மா கண்ணாடி போடமாட்டாளே என்றேன். இப்ப போட்டிருந்தா, உங்களுக்கு எப்டித் தெரியும் என்றாள். நீ போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிறது தபீதா, எனக்கு எப்படித் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவளும் பென்சிலை வைத்துவிட்டாள். படத்தில் உனக்கு இன்னும் வாய் போடவில்லை.

சாரிடம் மறுபடி போகவா வேண்டாமா, உன்னைப்போல் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை, நீதான் எழுதவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கர்த்தர் உங்களைக் கண்மணிபோல் காப்பாராக. புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு, இந்த மாதிரி நீல ஏர்மெயில் கடுதாசிக்குள் எதுவும் வைக்கக் கூடாதாம், கவரில் அனுப்பு. கண்ணாடி போடுகிறவளாக இருந்தால் போட்டோவுக்காகக் கழற்றாதே.

உன் முகம் தேடும் அம்மா,
ரத்தினபாய்