வேலியோரம் வைத்த கூண்டு

மார்ச் 3, திங்கள்
இன்னொரு கோழியைக் காணோம். பத்து நாளில் இது நாலாவது. கொட்டகைக் கதவு தாழிட்டது தாழிட்டபடியே இருக்கிறது. ரத்தம் இல்லை, இரண்டே இரண்டு இறகு. நாலு கால் ஜந்து இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்குமா? வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி. நேற்று அவள் வீட்டிலிருந்து கோழி வறுக்கும் வாசனை. எங்கே வாங்கினாளாம்?

மார்ச் 4
அவரிடம் சொன்னேன். "என் தம்பி பொண்டாட்டி கோழி திருடுறாளா? போய் வேலையைப் பாரு." தம்பி வீட்டைச் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மார்ச் 6
கீரி! மத்தியானம் என் கண்ணாலேயே பார்த்தேன். பின்பக்கம் கம்பிவலை தரையைத் தொடும் இடத்தில் புகுந்து ஓடியது. சரி, அவள் திருடவில்லை. ஆனால் வலையை அங்கே தூக்கிவிட்டது யார்? அது வேலியோரம் அல்லவா?

மார்ச் 7
வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். என் நிலம், என் கோழி, அடித்தால் என்ன என்று கேட்டேன். எழுத்தர் சிரிக்கவே இல்லை. "நிலம் உங்களோடதும்மா. அதுல ஓடுற கீரி உங்களோடது இல்ல. கொன்னா கேஸ்."

முதலில் வலையைச் சரிசெய்ய வேண்டுமாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் அனுமதி வாங்கிக் கூண்டு வைக்கலாம். காலை, மதியம், மாலை என்று போய்ப் பார்க்க வேண்டும். அகப்பட்டால் வேறு எங்கும் கொண்டுபோய் விடக்கூடாது, அவர்களைக் கூப்பிட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அனுமதிக்கு அவர் கொடுத்த விண்ணப்பப் பாரத்தின் கடைசியில் பக்கத்து நிலத்தாரின் கையெழுத்து வேண்டுமாம்!

அவளிடம் போய் நான் நிற்பதா? அப்புறம் ஊருக்கே தமுக்கு அடிப்பாள். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 10
வலையைக் கட்டினேன். அனுமதி இல்லாமலே கூண்டும் வைத்தேன். அவள் கண்ணில் படாதபடி மேலே சாக்கு.

மார்ச் 11
காலையில் பார்த்தபோது கூண்டு காலி. அதற்கப்புறம் அவள் வேலியை விட்டு நகரவே இல்லை. துணி காயப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வேண்டுமென்றே நிற்கிறாள் என்று நானும் போகவில்லை. என்ன வெயில். சாயங்காலம் சாக்கைத் தூக்கினால் — கீரி செத்துக் கிடந்தது. வாய் திறந்தபடி. ஒரு கிண்ணம் தண்ணீர்கூட வைக்கவில்லையே நான். கோழியைத் தின்றதுதான், ஆனாலும் இப்படியா?

கூண்டை வைக்கோல் போருக்குள் மறைத்துவிட்டு, கீரியை அவசரமாகப் புதைத்தேன். நிமிர்ந்தபோது அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

மார்ச் 12
போன் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரிடம்?

மார்ச் 14
வனத்துறை அதிகாரி வாசலில். போட்டுக்கொடுத்துவிட்டாள், தொலைந்தேன் என்றே நினைத்தேன். "பாரம் வாங்கிட்டுப் போனீங்க, பக்கத்து நிலத்துக்காரங்க கையெழுத்தோட திருப்பித் தரலையே? அதான் கொட்டகையைப் பார்க்க வந்தேன்" என்றார். வலையைப் பார்த்தார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, எங்கள் பேச்சைக் கேட்டபடி நின்ற அவளிடமே கேட்டார்: "இங்க கூண்டு ஏதாவது வெச்சாங்களா?"

என் உயிர் என்னிடம் இல்லை.

"கூண்டா? இல்லையே சார். அக்கா வலையைத்தான் இழுத்துக் கட்டிக்கிட்டிருந்தாங்க."

அவர் போய்விட்டார்.

மார்ச் 15
காலையில் வேலியோரம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"குழி ஆழமே இல்லக்கா. நாய் கிளறிடுச்சு. நான்தான் மறுபடி தோண்டிப் புதைச்சேன்."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒரு கையெழுத்துதானே? கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேனா?"

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அவள் ஏன் இப்படிச் செய்தாள்? காலையிலிருந்து தேடுகிறேன். கெட்ட காரணம் ஒன்றுகூட அகப்படவில்லை.