ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியானது: என் மூக்கு மணம் அறியவில்லை. சொன்னவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், இன்று காலை பத்து நாற்பதுக்கு.

ஒரு சிறிய சீசாவைத் திறந்து நீட்டினார். "என்ன வாசம் வருது?"

"தண்ணியா?"

"கிராம்பு எண்ணெய், சார்."

அடுத்து எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். நான்கும் எனக்குத் தண்ணீர்தான். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது இதையும் கையோடு கூட்டிப் போயிருக்கிறது. திரும்புமா என்று கேட்டேன். "வரலாம். ஆறு மாசம் ஆகலாம். வராமலும் போகலாம்" என்றார். முப்பத்தொரு வருட நிருபர் வேலையில் அதிகாரிகளிடம் கேட்டுச் சலித்த பதில். இவர் சொன்னபோது கோபம் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார். தினமும் இருவேளை அந்த நான்கையும் முகர்ந்து பழக வேண்டுமாம்.

வீட்டில் பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னேன். சீசாக்கள் அலுவலக மேசை இழுப்பறையில்.

ஏன் மறைத்தேன்? ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை, சின்னவள், வருகிறாள்.

மார்ச் 5, வியாழன்

இன்று பதிப்புக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா இருந்தேன். சின்னவளின் முதல் பீரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனிதான். ஆனால் அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடம் இருந்தாள். ஒரு நாள், "அடுத்தவங்க குழாய்த் தண்ணியையே எத்தனை நாளைக்கு முறைச்சுப் பார்த்துட்டு இருக்கறது?" என்றாள். எங்கள் சமையலறையில், என் மனைவியின் பெரிய பாத்திரத்தை வாங்கிப் பீர் காய்ச்சினாள். பாத்திரத்தை அவளுடைய அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது பழைய டயர் கிடங்கு ஒன்றில் தொழிலாகவே நடத்துகிறாள். வெயில் ஏறினால் அங்கே சுவரிலிருந்து ரப்பர் நாற்றம் கிளம்பும். போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவேன், அவளுக்குக் கோபம் வரும்.

அந்த முதல் கிளாஸ். பேல் ஏல் என்றாள். வெளிறிய பொன் நிறம், கொஞ்சம் கலங்கல். அதில் மணத்துக்கும் கசப்புக்கும் ஹாப்ஸ் என்ற பச்சைப் பூவைப் போடுகிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதே" என்றேன். "அவசரப்படாதீங்க அத்தான். முதல்ல மோந்து பாருங்க. கிளாஸை உள்ளங்கையில பிடிச்சுச் சூடாக்குங்க. அப்புறம் குடிங்க." செய்தேன். கசப்புக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியதுபோல. அதற்கும் பின்னால், மாங்காய்க் காம்பை ஒடித்தால் கையில் ஒட்டுமே, அந்தப் பால். சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் மனசுல நினைச்சதை அப்படியே சொல்றீங்களே."

அன்றிலிருந்து எந்தப் பீர் காய்ச்சினாலும் முதல் கிளாஸ் எனக்கு. "அத்தான் சரின்னா சரி" என்பாள். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஜனவரிக்குப் பிறகு புதிதாக எதுவும் காய்ச்சாததால் சாப்பிட மட்டும் வந்துபோனாள், நானும் தப்பித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தாள். இரண்டு ஜாடி மாதிரிப் பீர், ஒட்டுநாடாவில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தாள்.

சிறிய அளவில் பீர் காய்ச்சுகிறவர்களின் போட்டிக்கு ஏப்ரல் பதினொன்றாம் தேதிக்குள் பாட்டில்கள் போய்ச் சேர வேண்டும். பெரிய தொட்டியில் இந்தச் சனிக்கிழமை காய்ச்சுகிறாள். வரவழைத்த புதுப் பூ ஒரே ஒரு மூட்டை, ஒரு தொட்டிக்குத்தான் காணும். தப்பினால் அடுத்த அறுவடைவரை காத்திருக்க வேண்டும்.

கிளாஸை ஏந்தி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடியை முகர்வதுபோல.

"என்ன அத்தான், கிளாஸ்ல பிணம் கிடக்கிற மாதிரி பார்க்கறீங்க? சொல்லுங்க!"

எதிரே முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "ஆரஞ்சுத் தோல். பின்னால மாங்காய்ப் பால்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. இரண்டாவதைக் குடித்துவிட்டு, வித்தியாசம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இதுல ஆரஞ்சு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

"ரெண்டாவதுலயா? நிஜமாவா?" கண்ணை அகல விரித்தாள். மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுதிக்கோ" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், எழுதிக்கோ என்று.

மார்ச் 9, திங்கள்

முப்பத்தொரு வருடத்தில் போகாத இடத்திலிருந்து செய்தி அனுப்பியதில்லை. நேற்று அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

துவைத்த துணியை மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டாவது கிளாஸ்ல ஆரஞ்சுத் தோல்னீங்களே, எங்க இருந்துச்சு?"

"ஏன்?"

"கழுவினது நான்தானே. முதல் கிளாஸ்ல பூ வாசம் கும்முனு இருந்துச்சு. ரெண்டாவதுல ரொட்டி வாசம்தான். கழுவறதுக்கு முன்னால ரெண்டு தடவை மோந்து பார்த்தேன்."

இவள் குடிப்பதில்லை. ஆனால் அடுத்த வீட்டில் காபித்தூள் மாற்றினால் இங்கிருந்தே சொல்லிவிடுவாள். இவள் ஒரு சட்டையை இரண்டாவது முறை மடித்தாள்.

"சின்னவ போன் பண்ணினா. ஆற வெச்சதுக்கு அப்புறம் தொட்டியில போடற கடைசிப் பூவை ரெண்டாவது ஜாடியில போடவே இல்லையாம். போடாம விட்டா என்ன ஆகும்னு பார்க்கத்தான் கொண்டு வந்தாளாம். அத்தான் அதுலதான் ஆரஞ்சு அதிகம்னுட்டாரு, அப்ப கடைசிப் பூவே வேணாம்கிறா. சனிக்கிழமை மூட்டை மொத்தத்தையும் கொதியிலயே போடப்போறாளாம்."

கொதியில் வேகும் பூ கசப்பைத்தான் தரும், மணம் ஆவியோடு போய்விடும்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

இவளிடம் எதையாவது மறைத்துப் பாதியாவது தப்பியிருக்கிறேனா? "பால் தீய்ஞ்சுதே, நான் பக்கத்துலயே நின்னு பேப்பர் படிச்சேனே. அப்பலேர்ந்து."

"அன்னிக்கு உங்களை எவ்வளவு திட்டினேன்!" சட்டையைக் கீழே வைத்தாள். "ஏங்க சொல்லலை?"

"கிளாஸ் கொண்டு வர்றதை நிறுத்திடுவாளோன்னு."

"உங்க மூக்குக்காகவா ஆறு வருஷமா வர்றா? என் குழம்புக்காக வர்றா. போய்ச் சொல்லுங்க. போன்ல இல்ல, நேர்ல."

மார்ச் 12, வியாழன்

காலை ஒன்பதரைக்குக் கிடங்குக்குப் போனேன். பெரிய தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

குழாயை மூடினாள். பிறகு, "நான் லேப்ல இருந்தப்போ, தண்ணியைப் பார்க்காமலே ரிசல்ட் எழுதினான் ஒருத்தன். ரெண்டு பிள்ளைக்காரன். அழுதான். இருந்தும் அவன் மேல ரிப்போர்ட் எழுதினேன். தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும். நீதான் சொல்லியிருக்கே."

"அத்தான் சரின்னா சரின்னு நான் வேற யாருக்குச் சொல்லியிருக்கேன்?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். காலையில் எழுதியது. "திருத்தம்: மார்ச் 8 அன்று இரண்டாவது ஜாடியில் ஆரஞ்சுத் தோல் மணம் இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது தவறு. முதல் ஜாடி பற்றிச் சொன்னதும் நேரில் அறிந்ததல்ல. செய்தியாளருக்கு ஜனவரி முதல் மணம் தெரியாது. வருந்துகிறோம்."

படித்தாள். "வருந்துகிறோமா? எத்தனை பேரு?"

"உங்க அக்காவையும் சேர்த்து."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கிராம்பு எண்ணெய்கூடத் தெரியலையா?" என்றாள். குரல் மாறிவிட்டது. "வலிச்சுதா?" மூக்கு வலிக்குமா என்ன. ஆனால் அவள் கேட்டபோது வலித்தது.

தாளைத் தொட்டியின் நெற்றியில் ஒட்டினாள். "மூக்கு போச்சு சரி. நாக்கு?"

"நாக்கு இருக்கு."

"அது ஊருக்கே தெரியுமே."

முதல் ஜாடியில் மிச்சமிருந்ததை ஊற்றினாள். இம்முறை எதையும் தேடாமல் குடித்தேன். மணம் இல்லாத பேல் ஏல் போர்வை உருவிய கட்டில்போல, எலும்பெல்லாம் தெரிகிறது. முதலில் மெல்லிய இனிப்பு. அதை நகர்த்திவிட்டுக் கசப்பு வந்து உட்கார்ந்தது, நல்ல கசப்புதான். ஆனால் எழுந்து போகவில்லை. அடிநாக்கில் சப்பணம் போட்டு இருந்தது.

"போகலை" என்றேன். "பேட்டி முடிஞ்சப்புறமும் கிளம்பாத மந்திரி மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

இன்னொரு வாய் குடித்து வாட்சைப் பார்த்தேன். "நாப்பது செகண்ட். கடைசியில தொண்டையைப் பிறாண்டுது."

அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள். "ஐயோ, ஆமா! வாசம் தூக்கலா இருந்ததுல இது எனக்குத் தெரியவே இல்லை அத்தான்."

கரும்பலகையில் எழுதியதை அழித்து மாற்றினாள்: கொதி தொடங்கும்போது போடும் பூவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அது தீயை அணைத்த பிறகு போகும். ஆறியபின் போடும் கடைசிப் பூ முழு அளவு.

மார்ச் 14, சனி

பீர் காய்ச்சும் நாள். மனைவி முதல் முறையாக வந்தாள். தீயை அணைத்துப் பூவைக் கொட்டியபோது ஆவி கூரைவரை போனது. எனக்கு அது வெறும் சூடான ஈரம். இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாசம்?"

"இருங்க." கண்ணை மூடினாள். "புதுசா வெட்டின புல்லு. இல்ல... புல்லு வெட்டினவன் அதே கையால எலுமிச்சம்பழம் பிழிஞ்சா எப்படி இருக்கும், அப்படி."

அப்படியே எழுதிக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இவள் சொல்லி நான் எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை. சின்னவளிடம் சொன்னேன். "இதுக்கே உங்களைத் தூக்கி உள்ளே போடணும்" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் வந்தாள். கிளாஸுக்குப் பதில் ஒரு சீசாவில் பூ. "அஞ்சாவது. இதையும் சேர்த்து மோந்து பாருங்க." பார்த்தேன். ஐந்தும் தண்ணீர்.

மார்ச் 29, ஞாயிறு

ஐந்தும் தண்ணீர். மூன்று கிளாஸ் குழம்பு குடித்தவள் சின்னவள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெரிய தொட்டியிலிருந்து முதல் கிளாஸ். அவள் கொண்டு வந்தது இரண்டு கிளாஸ்: ஒன்று மூக்குக்கு, ஒன்று நாக்குக்கு.

மனைவி முகர்ந்தாள். "ஆரஞ்சுத் தோல் இருக்கு. இந்தத் தடவை நிஜமாவே." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்புறம் கொஞ்சம் கொய்யா. மாங்காய்ப் பால்னு சொல்வீங்களே, அது அடியில ஒளிஞ்சுட்டு இருக்கு. கிளாஸை ஆட்டினா வெளிய வருது."

நான் குடித்தேன். இனிப்பு, பிறகு கசப்பு. வந்தது, ஒரு வணக்கம் சொன்னது, கிளம்பிவிட்டது. பதினான்கு வினாடி. நாக்கு வறண்டு, இன்னொரு வாய் கேட்டது. அதைத்தான் சின்னவளிடம் சொன்னேன்: "இன்னொரு வாய் கேக்குது." அவள் என் தோளில் ஒரு அடி அடித்தாள்.

பிறகுதான் பார்த்தேன். மனைவி கிளாஸை உதட்டில் வைத்து ஒரு துளி உறிஞ்சியிருந்தாள்.

"அக்கா!"

"சும்மா இருடீ. கழுவறவளுக்கு என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?" முகத்தைக் கோணினாள். "கசக்குது." நாங்கள் இருவரும் காத்திருந்தோம். "...போயிடுச்சு."

மீதியைக் குடிக்கவில்லை. ஆனால் கிளாஸை என்னிடமும் தரவில்லை. பேசி முடிக்கும்வரை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 11, சனி

நான்கு பாட்டில்களைப் பகல் பதினொன்றரைக்கு நேரில் கொடுத்தோம். ரசீது சின்னவளின் பையில். சுவைக் குறிப்பில், மணம் என்ற இடத்தில் மனைவி சொன்னதும், கசப்பு என்ற இடத்தில் நான் சொன்னதும்.

திரும்பும்போது மூவரும் கிடங்குக்குப் போனோம். நல்ல வெயில். சின்னவள் ஷட்டரைத் தூக்கினாள். உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. அதில் ஏதோ ஒன்று. ஒரு கணம்தான். மட்டமான, கருத்த, தடித்த ஏதோ ஒன்று. என் கை தானாக மூக்கைப் பொத்தியது.

சின்னவள் பார்த்துவிட்டாள். வழக்கம்போல் கோபப்பட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "அத்தான்... ஏன் பொத்துறீங்க?"

கையை எடுத்து மறுபடி இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பழக்கதோஷமாக இருக்கலாம். வாசலைப் பார்த்ததும் கை நினைவுபடுத்திக்கொண்டிருக்கலாம். "தெரியலை" என்றேன். இம்முறை அதைத்தான் சொன்னேன். இருவரும் என்னை ஷட்டருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, மூன்று தடவை உள்ளே வரவைத்தார்கள். மூன்று தடவையும் தெரியவில்லை. மனைவி மட்டும் என் கையை விடவேயில்லை.

ரப்பர் நாற்றம்: ஒரே சாட்சி, அதுவும் நான். உறுதியாகவில்லை. மருத்துவர் பார்ப்பது 28, செவ்வாய்க்கிழமை. போட்டி முடிவு 25, சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு.

நாளை ஞாயிறு. இரண்டு கிளாஸ் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.