மூடிய ஹெட்போன்தான் வேண்டும்

அன்பு மகள் லிகாயாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன், தோஹாவில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், போனில் பேசினால் நீ உன் அண்ணன் பக்கம் சாய்ந்துவிடுகிறாய். இடுப்பு எலும்பு கூடிவிட்டதென்று டாக்டரே சொல்லியும் ஆர்னெல் நம்பவில்லை. ஒரு தடவை படியில் சறுக்கியதற்காக மூன்றாம் மாடிக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போகிறான். தீப்பிடித்தால் என்னடா செய்வேன் என்றால், அடுப்பைத் தொடாதீங்கப்பா என்கிறான்.

கோவில் பாடகர் குழுவுக்குப் பயிற்சிப் பாட்டு பதிந்து அனுப்புகிறேனே, அது ஒன்றுதான் இந்த வீட்டிலிருந்து வெளியே போகிறது. அவர்களில் யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, ஒவ்வொரு குரலையும் நானே பாடி அனுப்ப, சமைக்கும்போதும் ஜீப்னி வண்டியில் போகும்போதும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். கீழ் வீட்டு ரோமெல் கால் சென்டரில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறான், அதனால் ஸ்பீக்கர் போட முடியாது. துணி அலமாரிக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிகிறேன், அதுதான் என் ஸ்டூடியோ. பின்பக்கம் மூடியதாக வாங்கு என்று உனக்குத் தெளிவாகச் சொன்னேன். நீ இணையத்தில் எவனோ சொன்னதை நம்பி, திறந்ததுதான் சங்கீதத்துக்கு நல்லதாம்ப்பா, விலையும் கம்மி என்று அதையே பெட்டியில் வைத்து அனுப்பினாய்.

கேட்பதற்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. போட்டுக்கொண்டால் கிட்டார் ஒரு மூலையில் வயலின் ஒரு மூலையில் என்று இந்த அறையே அகலமாகிவிடுகிறது. ஆனால் பதிவுக்கு ஆகாது, காதில் ஓடுவது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். நான் கீழ்க்குரலைப் பாடியபோது, முன்பே பதிந்து காதில் ஓடவிட்ட மேல்குரலும் பின்னால் மெல்லியதாக ஏறிவிட்டது. நம் குழுப் பெண்கள் கொடுத்ததை அப்படியே கற்பவர்கள், கசிந்ததையும் சேர்த்துக் கற்றுவிட்டார்கள். ஒத்திகையில் இரண்டாம் அடி வந்ததும் கீழ்க்குரல்காரிகள் அத்தனை பேரும் மேலே ஏறி நின்றுகொண்டார்களாம். குழுத்தலைவி பாசிங் போன் செய்து, பின்னாடி ஒரு பொம்பள பாடுறாளே மாமா, யாரு அவ, ஆர்னெலுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கீங்களா என்று சிரித்தாள். பொம்பளை மாதிரி கள்ளக்குரலில் பாடியது நான்தான் என்றேன், இன்னும் சிரித்தாள். பிறகு, கிறிஸ்துமஸ் விடியற்காலைப் பூசைக்குப் பாட்ட இணையத்துலயே எடுத்துக்கிறோம், நீங்க ஓய்வெடுங்க என்றாள். ஓய்வைத் தவிர இங்கே எனக்கு வேறென்ன இருக்கிறது.

விடமாட்டேன் என்றேன். நேற்று அவளே கீழ்க்குரல்காரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் படியில் வரிசையாக நிற்க, நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். முதல் அடி முடிவதற்குள் ரோமெல் தலையணையோடு ஏறி வந்து, சிறையில இருக்கறவரப் பாக்க வந்தா பழம் குடுத்துட்டுப் போங்க, பாட்டு எதுக்கு என்றான். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். பாசிங் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள சுத்தமான பதிவு வந்தா உங்களுதையே பாடுறோம் மாமா, இல்லாட்டி கோவிச்சுக்காதீங்க என்றாள்.

ஆகவே இங்கேயே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கடையில் சொல்லிவிடு. மூடியதாக இருக்கட்டும். ஒயர் இல்லாதது கூடாது, அதில் சத்தம் பிந்தி வரும், தாளம் போய்விடும். பாஸ் என்கிற அடிச்சத்தத்தை ஊதிக் காட்டுவதும் வேண்டாம். ஆர்னெலிடம் கேட்காதே, ஒண்ணு இருக்கே போதும் என்பான்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணையிருக்க ஆசீர்வதிக்கிறேன். மறக்காதே, மடக்கக்கூடியதாகப் பார். கொண்டுவருபவன் பகலில்தான் வருவான், அட்டைப்பெட்டியைப் பிரித்து ஹெட்போனை மடக்கிக் கொடுத்தால்தான் கம்பி இடுக்கில் நுழையும்.

உன் அப்பா,
கிரிசாந்தோ